லிப்பிட் பெருமூலக்கூறு என்றால் அதன் சங்கிலி எங்கே?

9 டிசம்பர் 2023, காலை 7.40 (கேள்வி)

பதினொன்றாம் வகுப்பு என்சிஇஆர்டி உயிரியலில், அமிலத்தில் கரையாத பங்கில் புரதம், நியூக்ளிக் அமிலம், பாலிசாக்கரைடு, லிப்பிட் என்று நான்கைச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் கோச்சிங் நோட்ஸில் அதையே "நான்கு பெருமூலக்கூறுகள்" என்று சுருக்கிவிட்டார்கள். ஆனால் லிப்பிட்டின் எடை 800 டால்டனை (மூலக்கூறின் எடைக்கான அலகு) தாண்டாது என்றும் அதே பாடத்தில் இருக்கிறது. அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம். குளுக்கோஸைக் கோத்தால் ஸ்டார்ச். லிப்பிட்டில் எதை எதோடு கோத்திருக்கிறது? சங்கிலியே இல்லாத ஒன்றுக்கு இந்தப் பட்டமா? தப்பு என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

9 டிசம்பர், இரவு 10.15 (பதில்)

பாதி மறுக்கிறேன். நோட்ஸ் தப்பு, புத்தகம் தப்பில்லை.

புத்தகம் சொல்வது ஒரு செய்முறையின் முடிவை. உயிருள்ள திசுவை டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தோடு கல்வத்தில் இட்டு அரைத்துத் துணியில் வடிகட்டுகிறார்கள். கீழே இறங்குவது சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு மாதிரிச் சின்னச் சரக்கு. எடை 18 டால்டனிலிருந்து (அது தண்ணீர்) சுமார் 800 வரை. துணியில் தங்குவது பத்தாயிரம் டால்டனும் அதற்கு மேலும் உள்ள பெரிய ஆட்கள். எடையை மட்டும் பார்த்தால் லிப்பிட் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்குவதில்லை. அரைக்கும்போது செல் சவ்வு துண்டு துண்டாகிறது, துண்டுகளின் ஓரங்கள் தாமே மூடிக்கொண்டு குட்டிக் குட்டிப் பைகளாகின்றன. அந்தப் பைகள் தண்ணீரில் கரையாது. பெரியவர்களோடு சேர்ந்து துணியிலேயே நின்றுவிடும்.

ஆக லிப்பிட் அந்தப் பட்டியலில் தனி ஆளாக நிற்கவில்லை, கூட்டமாக நிற்கிறது. தேர்வில் "எது பாலிமர் அல்ல" என்றால் (அலகுகளைக் கோத்த சங்கிலிதான் பாலிமர்) லிப்பிட்டைக் குறியுங்கள். "அமிலத்தில் கரையாத பங்கில் எவை இருக்கும்" என்றால் நான்கையும் எடுங்கள்.

நான் ஆசிரியர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் டெக்னீஷியனாக இருந்தவன், இப்போது வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித்தருகிறேன். உதாரணம் எல்லாம் ரத்தத்தைச் சுற்றியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

10 டிசம்பர், காலை 6.05

படுத்த பிறகு இன்னொன்று தோன்றியது. இந்தச் சண்டை நூறு வருடத்துக்கு முந்தையது.

1920-ல் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர், ரப்பர், ஸ்டார்ச், செல்லுலோஸ் எல்லாம் ஆயிரக்கணக்கான அலகுகள் வேதிப்பிணைப்பால் நீளமாகக் கோத்த ஒற்றை மூலக்கூறுகள் என்றார். அன்றைய பெரிய பெரிய வேதியியலாளர்கள் ஏற்கவில்லை. சின்ன மூலக்கூறுகள்தான் பலவீனமான விசைகளால் ஒட்டித் திரண்டு பெரிதாகத் தெரிகின்றன, அவ்வளவு பெரிய மூலக்கூறு என்று ஒன்று இருக்கவே முடியாது என்பது அவர்கள் கட்சி. ஸ்டௌடிங்கர் பல வருடம் போராடி ஜெயித்தார். 1953-ல் நோபல் கிடைத்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். தோற்ற கட்சி சொன்னதை ரப்பரிலிருந்து எடுத்துச் செல் சவ்வின் மேல் வையுங்கள், அட்சரம் பிசகாமல் பொருந்தும். சின்ன மூலக்கூறுகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே வேதிப்பிணைப்பு எதுவும் இல்லை, பலவீனமான விசைகளால் திரண்டு நிற்கின்றன. ரப்பர் விஷயத்தில் தோற்றவர்கள், பேச வேண்டிய பொருளை மாற்றிப் பேசிவிட்டார்கள் போலிருக்கிறது.

10 டிசம்பர், பிற்பகல் 1.30

"கூட்டம் என்றால் கலைந்துவிடுமே, ஆயுசு முழுக்க எப்படித் தாங்கும், எது பசை?" என்று மதுரைத் தம்பி கேட்கிறார்.

பசை கிடையாது. தண்ணீர்தான் காவல். விரிவாக ராத்திரி எழுதுகிறேன், பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

10 டிசம்பர், இரவு 11.00

செல் சவ்வின் முக்கிய லிப்பிட் பாஸ்போலிப்பிட். அதற்கு ஒரு தலை, இரண்டு வால். தலையில் பாஸ்பேட், மின்னூட்டம் உண்டு, தண்ணீரோடு சுமுகம். வால்கள் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். வாலைத் தண்ணீர் "வெறுக்கிறது" என்று எழுதுவது வழக்கம். நானும் அப்படித்தான் சொல்லித்தந்தேன், இப்போது கொஞ்சம் நிதானித்துச் சொல்கிறேன். தண்ணீருக்கு வால் மீது விரோதம் ஒன்றும் இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை கை மாற்றிக்கொண்டே இருப்பவை. நடுவே எண்ணெய் வால் வந்தால் அந்தப் பக்கம் பிடிக்கக் கை இல்லை. வாலைச் சுற்றியுள்ள தண்ணீர் தன் சுதந்திரத்தைக் குறைத்துக்கொண்டு ஒழுங்காக நிற்க வேண்டியிருக்கிறது. வால்கள் எல்லாம் ஒன்றாக ஒதுங்கிவிட்டால் அந்தக் கட்டுப்பாடு குறைகிறது. ஒழுங்கின்மை கூடும் பக்கமே இயற்கை சாயும். தண்ணீர் தனக்கு வசதி பார்க்கிறது, அந்த வசதியில் சவ்வு உருவாகிறது. செல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்து எண்ணெய்க் கரைப்பானில் போடுங்கள், சவ்வு என்று ஒன்று மிஞ்சாது.

எவ்வளவு மெல்லியது என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று. பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டன் கிளாபம் திடலில் உள்ள குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டார். அது அரை ஏக்கர் பரப்புக்குப் பரவி, அலையடங்கிக் கண்ணாடி மாதிரி ஆனதாக 1774-ல் எழுதினார். டீஸ்பூன் 5 மில்லிலிட்டர், அரை ஏக்கர் சுமார் 2000 சதுர மீட்டர் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். இரண்டரை நானோமீட்டர் வரும். ஒரு மூலக்கூறின் நீளம் அது! பிராங்க்ளின் மட்டும் வகுக்கவில்லை. மூலக்கூறின் அளவு என்ற பேச்சே அன்று இல்லை.

நூறு வருடம் கழித்து, ஜெர்மனியில் ஆக்னெஸ் போக்கெல்ஸ் என்ற பெண், கல்லூரிப் படிப்பு இல்லாதவர், வீட்டுச் சமையலறையில் தகரத் தொட்டி வைத்துத் தண்ணீர்ப் பரப்பின் மேல் எண்ணெய், சோப்பு எல்லாம் எப்படிப் பரவுகின்றன என்று அளந்தார். ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலீ பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ரேலீ அதை நேச்சர் இதழுக்கு அனுப்ப, 1891-ல் வெளிவந்தது. பின்னால் அமெரிக்க வேதியியலாளர் லாங்க்மியூர் செம்மைப்படுத்தி நோபல் வாங்கிய தொட்டிக்கு மூலம் அந்தச் சமையலறைதான்.

13 டிசம்பர், இரவு 9.20

இரட்டை அடுக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ரத்தக் கதை, ஆகவே என் கதை.

1925. நெதர்லாந்தின் லைடன். கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவர், கிரெண்டல் என்ற வேதியியலாளர். மனிதன், நாய், ஆடு, முயல் என்று பல உயிர்களின் ரத்தச் சிவப்பணுக்களை எடுத்தார்கள். ஏன் சிவப்பணு? பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் நியூக்ளியஸ் இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, உள்ளறைகள் இல்லை. இருக்கும் சவ்வு வெளிச்சவ்வு ஒன்றுதான். வேறு எந்தச் செல்லை எடுத்தாலும் உள்சவ்வுகளின் லிப்பிட்டும் கலந்து கணக்கு கெட்டுவிடும்.

அசிட்டோனால் லிப்பிட்டை இறக்கி, லாங்க்மியூர் தொட்டியில் தண்ணீர் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். செல்களின் மொத்தப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. ஆகவே இரண்டு அடுக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அசிட்டோன் லிப்பிட் முழுவதையும் இறக்காது, கணிசமான பங்கு உள்ளேயே தங்கிவிடும். அது ஒரு குறை. காய்ந்த செல்லைப் பார்த்து மனிதச் சிவப்பணுவின் பரப்பு சுமார் 100 சதுர மைக்ரான் என்று வைத்துக்கொண்டார்கள். நிஜத்தில் சுமார் 140. இது இன்னொரு குறை. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றை ஒன்று அடித்துவிட்டன, விடை சரியாக நின்றது. 1966-ல் திரும்பச் செய்து பார்த்தபோதுதான் இது வெளியே வந்தது. என் மாணவர்கள் யாராவது இப்படி விடை கொண்டுவந்தால் மதிப்பெண் போடுவேனா என்று யோசித்தேன். பாதி போடுவேன்.

13 டிசம்பர், இரவு 9.50

மேலே சொன்னதோடு ஒட்டாமல் விட்ட ஒன்று: அவர்கள் கணக்கில் புரதத்துக்கு இடமே இல்லை. மனிதச் சிவப்பணுச் சவ்வின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 52 சதவீதம், புரதம். லிப்பிட் 40 சதவீதம்தான். நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறையில் தலைகீழ், பெரும்பகுதி லிப்பிட். சும்மா மின்காப்பாக இருப்பதற்குக் கொழுப்பு போதும், வேலை செய்ய வேண்டிய சவ்வுக்குப் புரதம் வேண்டும்.

20 டிசம்பர், காலை 6.30

மார்கழி பிறந்தாயிற்று. குளியலறைத் தேங்காய் எண்ணெய் டப்பாவில் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது, பக்கத்தில் நல்லெண்ணெய் ஜம்மென்று ஓடுகிறது. பாடத்தை இதிலிருந்தே நடத்தலாம். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, அதாவது வாலில் இரட்டைப் பிணைப்பு இல்லாதது. வால்கள் நேர், நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. ஒவ்வொன்றும் வாலை ஒடித்து வளைக்கும், நெருங்கி அடுக்க முடியாது, குளிரிலும் திரவம்தான்.

சவ்வுக்கும் இதே சிக்கல். உறைந்தால் செல்லின் வேலை நிற்கும், அதிகம் இளகினால் ஒழுகும். குளிரில் வளர்த்தால் ஈ.கோலை பாக்டீரியா தன் சவ்வில் வளைந்த வால்களைக் கூட்டிக்கொள்ளும், சூட்டில் குறைத்துக்கொள்ளும். நம் செல்கள் கொலஸ்டிராலையும் நடுவில் செருகி வைத்திருக்கின்றன. சூட்டில் வால்களின் ஆட்டத்தை அது அடக்கும், குளிரில் வால்கள் நெருங்கி உறையாமல் குறுக்கே நிற்கும்.

கடலை எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்டிரால் அற்றது" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். செடிகள் தம் சவ்வுக்குக் கொலஸ்டிராலின் இனத்தைச் சேர்ந்த வேறு ஸ்டிரால் வைத்திருக்கின்றன. எந்தச் செடி எண்ணெயிலும் கொலஸ்டிரால் சொல்லும்படி இருக்காது. "எலும்பற்ற கத்தரிக்காய்" என்று விற்கலாம்.

20 டிசம்பர், இரவு 8.45

திரவம் என்றால் நிஜமாகவே நகர்கிறதா என்று கேட்டவருக்கு: 1970-ல் ஃபிரையும் எடிடினும் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒரு வைரஸின் உதவியால் ஒட்டி ஒன்றாக்கினார்கள். எலிப் புரதத்துக்கு ஒரு ஒளிரும் நிறம், மனிதப் புரதத்துக்கு இன்னொன்று. ஒட்டியவுடன் பாதி பாதியாகத் தெரிந்தது. 37 டிகிரியில் 40 நிமிடத்தில் இரண்டும் முழுக்கக் கலந்துவிட்டன. குளிரவைத்தால் கலக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து சிங்கரும் நிகல்சனும் திரவ மொசைக் மாதிரியை எழுதினார்கள், பாடப்புத்தகத்தில் எல்லோரும் வரைவது அதைத்தான்.

அந்தப் படத்தில் ஒரு குறை. லிப்பிட் கடல் நடுவே புரதங்கள் தாராளமாக இடம் விட்டு மிதப்பதாகப் போடுவார்கள். 52 சதவீதம் புரதம் இருக்கும் இடத்தில் அவ்வளவு காலி இடம் எங்கே இருக்கிறது? நிஜச் சவ்வு தீபாவளிக்கு முந்தின நாள் டவுன் பஸ். ஒருவர் இறங்கினால் இடம் தானாக மூடிக்கொள்ளும்.

27 டிசம்பர், இரவு 10.40

"எண்ணெய்க்குள் புரதம் எப்படி உட்காரும்? புரதம் முழுக்கத் தண்ணீர்ச் சமாச்சாரம் ஆயிற்றே" என்று ஒரு மேடம் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்வி. இதற்குப் பதில் சென்னை வழியாகப் போகிறது.

புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு என்-எச், ஒரு சி-ஓ. இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கை நீட்டுபவை. வெளியே இருந்தால் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க்குள் பிடிக்க ஆளில்லை. ஆகவே தங்களுக்குள்ளேயே பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வாகான வடிவம் ஆல்பா சுருள். சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு வரைபடமாக்கியவர்கள் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள், வருடம் 1963. உலகத்தில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும் இன்றைக்கும் ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுச் சரிபார்க்காமல் விடமாட்டார்கள். அதில் ஆல்பா சுருளுக்கு என்று தனித் தீவு உண்டு.

சுருளில் ஒரு அமினோ அமிலத்துக்கு 0.15 நானோமீட்டர் உயரம். சவ்வின் எண்ணெய்ப் பகுதி சுமார் 3 நானோமீட்டர். வகுத்தால் 20. நிஜத்திலும் சவ்வைக் கடக்கும் சுருள்களில் எண்ணெய்க்கு ஒத்துப்போகும் அமினோ அமிலங்கள் இருபது சொச்சம் வரிசையாக வரும். சிவப்பணுவின் கிளைகோபோரின் என்ற புரதம் அப்படி ஒரே சுருளில் கடக்கிறது. 1975-ல் ஹென்டர்சனும் அன்வினும் உப்பு நீரில் வாழும் ஓர் உயிரியின் ஊதாச் சவ்வை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரே புரதத்தில் ஏழு சுருள்கள் நின்றன.

28 டிசம்பர், காலை 7.10

அந்த உப்பு உயிரி நினைவில், முன்பு சொன்ன "லிப்பிட்டுகளுக்கு இடையே வேதிப்பிணைப்பே இல்லை" என்பதற்கு ஒரு விலக்கையும் சேர்க்கிறேன். வெந்நீர் ஊற்றுகளில் வாழும் சில ஆர்க்கியாக்களில் (பாக்டீரியா போன்ற ஒற்றைச் செல் உயிர்கள், அந்த உப்பு உயிரியும் இந்த இனம்தான்) மேல் அடுக்கு வாலும் கீழ் அடுக்கு வாலும் இணைந்து, இரண்டு பக்கமும் தலை உள்ள ஒரே நீள மூலக்கூறாகிவிடும். இரட்டை அடுக்கு அங்கே ஒற்றை அடுக்கு. கொதிக்கிற தண்ணீரில் கூட்டத்தை நம்ப முடியாது போலும். அப்போதும் பக்கத்து மூலக்கூறோடு பிணைப்பு இல்லை, அதனால் சங்கிலி என்று சொல்ல முடியாது.

நேர் எதிர்ப்பக்கம் பாக்டீரியாவின் செல் சுவர். சர்க்கரைச் சங்கிலிகளைக் குட்டிப் பெப்டைடுகள் (சில அமினோ அமிலங்கள் கோத்த துண்டுகள்) குறுக்கே பிணைத்து, செல்லைச் சுற்றிலும் முழுப் பையாக, ஒரே மூலக்கூறு! 1964-ல் வைடலும் பெல்ட்சரும் அதைப் பை வடிவப் பெருமூலக்கூறு என்றே அழைத்தார்கள். இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சுவர் ஒரே மூலக்கூறு என்பதால் வளர வேண்டுமென்றால் பிணைப்பை வெட்டி, நடுவில் செருகி, மறுபடி கோக்க வேண்டும். பென்சிலின் அந்தக் கோக்கும் வேலையைத் தடுக்கிறது, வெட்டுவது மட்டும் நடந்துகொண்டிருக்கும், பாக்டீரியா வெடிக்கும். சவ்வுக்கு அந்தக் கவலை இல்லை. எங்கே வேண்டுமானாலும் லிப்பிட் சேரலாம், மொட்டு விட்டுப் பிரியலாம், வேறு பையோடு கலக்கலாம். செல் பிரிவது, நரம்பு முனையில் சரக்கு கொட்டுவது எல்லாம் சவ்வு கோக்கப்படாததால்தான் நடக்கிறது. முதல் கேள்வியில் "சங்கிலியே இல்லை" என்று குறையாகச் சொன்னதை நான் தகுதியாகப் பார்க்கிறேன்.

4 ஜனவரி 2024, இரவு 9.00

இது பாடம் இல்லை, புலம்பல். போன வாரம் உறவுக்காரப் பெரியவர் ஒருவருக்கு ஒரு லேபில் பொட்டாசியம் மிக அதிகம் என்று ரிப்போர்ட் வந்து, குடும்பமே ஆஸ்பத்திரிக்கு ஓடியது. மறுபடி எடுத்துப் பார்த்தால் நார்மல். முதல் டியூபின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இளஞ்சிவப்பாக இருந்ததா என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்து, ஊசியைக் கழற்றாமல் டியூபில் பீய்ச்சி அடித்திருப்பார்கள். சிவப்பணுச் சவ்வு கிழிந்து உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். பிளாஸ்மாவில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். செல்லுக்குள் அதைப்போல் இருபது மடங்குக்கு மேல். கொஞ்சம் செல் உடைந்தாலும் எண் எகிறும். ஹீமோலைஸ் ஆன, அதாவது சிவப்பணு உடைந்த, சாம்பிளை ரிப்போர்ட் போடக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் பாடம்.

இருபது மடங்கு வித்தியாசத்தை, தலைகளையும் சேர்த்தே 5 நானோமீட்டர் கனமுள்ள படலம் நாள் கணக்கில் தாங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதப் பம்ப் உழைக்கிறது, உண்மை. ஆனால் படலம் ஓட்டையாக இருந்தால் எந்தப் பம்ப்பாலும் ஈடுகட்ட முடியாது.

4 ஜனவரி, இரவு 9.35

புலம்பலின் வால். சலைனை (உப்புக் கரைசல்) கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்கச் செய்து செல்களைப் போட்டால் 0.9 சதவீதத்தில் சும்மா இருக்கும், 0.5-க்குக் கீழே போகும்போது உடையத் தொடங்கும், 0.3 அளவில் அநேகமாக எல்லாம் உடைந்துவிடும். பரம்பரை ஸ்ஃபீரோசைட்டோசிஸ் உள்ளவர்களின் செல் முன்கூட்டியே உடையும். சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலை இருக்கிறது. வலையோ, அதைச் சவ்வோடு கட்டும் புரதமோ பழுதானால் சவ்வு துண்டு துண்டாக உதிர்ந்து, தட்டு வடிவச் செல் உருண்டையாகிவிடும். 120 நாள் ரத்த ஓட்டத்தில் அடிபட்டுத் தாங்குவது லிப்பிட்டின் சாமர்த்தியம் மட்டும் இல்லை, அடியில் இருக்கும் பெருமூலக்கூறின் உழைப்பும்தான். கூட்டத்தை நான் ரொம்பவே தூக்கிவைத்துப் பேசிவந்தேன், அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

உடைந்து ஹீமோகுளோபின் வெளியேறிய வெறும் சவ்வுக்கு லேபில் "கோஸ்ட்", அதாவது பேய், என்று பெயர். சரியான உப்பில் வைத்துச் சூடாக்கினால் பேய்கள் வாயை மூடிக்கொண்டு மறுபடி பையாகிவிடும்.

9 ஜனவரி, மாலை 5.15

தண்ணீர் எப்படி அவ்வளவு வேகமாக உள்ளே போய்ச் செல்லை உடைக்கிறது என்ற கேள்விக்கும் சிவப்பணுதான் பதில் தந்தது. பீட்டர் ஆக்ரே, ஆர்எச் ரத்தப் பிரிவுப் புரதத்தைப் பிரித்தெடுக்கும்போது 28,000 டால்டன் எடையுள்ள வேறொரு புரதம் கூடவே வந்து தொல்லை செய்தது. ஏராளமாக இருந்தது, வேலை என்னவென்று தெரியவில்லை. 1992-ல் அதைத் தவளை முட்டைச் செல்லில் உண்டாக்கி நீர்த்த கரைசலில் போட்டார்கள். முட்டை ஊதி வெடித்தது. தண்ணீர்க் குழாய், அக்வாபோரின். 2003-ல் நோபல். வேண்டாத சரக்கைக் கழுவிக் கொட்டியிருந்தால் போயிருக்கும்.

16 ஜனவரி, இரவு 10.10

பொங்கல் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். "இரண்டு அடுக்கும் ஒன்றேதானா?" என்ற கேள்வி தேங்கிக் கிடக்கிறது.

ஒன்று இல்லை. கண்டுபிடித்ததில் நம் நல்ல பாம்புக்குப் பங்கு உண்டு. அதன் விஷத்தில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி இருக்கிறது, பாஸ்போலிப்பிட்டின் ஒரு வாலை வெட்டும். புரதம் என்பதால் முழுச் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாது, வெளி அடுக்கில் எட்டுவதை மட்டுமே வெட்டும். எழுபதுகளில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் இந்த விஷ நொதியையும் வேறு சிலவற்றையும் வைத்து மனிதச் சிவப்பணுவில் எது வெளியே, எது உள்ளே என்று பிரித்துப் பார்த்தார்கள். பாஸ்பாடிடைல்கோலின், ஸ்பிங்கோமைலின் என்ற லிப்பிட்டுகள் பெரும்பாலும் வெளிப்பக்கம். பாஸ்பாடிடைல்செரின் முழுக்க உள்பக்கம். ஒரு லிப்பிட் பக்கவாட்டில் விநாடிக்கு ஓரிரு மைக்ரான் ஓடும், ஆனால் தலைகீழாகப் புரண்டு அடுத்த அடுக்குக்குப் போக மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். தலை எண்ணெயைக் கடக்க வேண்டுமே. எதைப் புரட்டுவது என்பதைப் புரதங்கள் ஏடிபி (செல்லின் எரிபொருள்) செலவழித்துத் தீர்மானிக்கின்றன.

செல் வயதாகி அந்தப் பாஸ்பாடிடைல்செரின் வெளியே தலைகாட்டினால் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல் அதை அடையாளம் பார்த்து விழுங்கிவிடும்.

22 ஜனவரி, இரவு 9.30

சர்க்கரையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று குறைப்பட்டவருக்கு. ஏபிஓ ரத்தப் பிரிவே சர்க்கரைதான். சவ்வுப் புரதங்களிலும் லிப்பிட்டுகளிலும் வெளிப்பக்கம் சர்க்கரைக் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். எச் என்ற அடிப்படைக் கிளை ஓ பிரிவினருக்கு அப்படியே இருக்கும். நுனியில் என்-அசிட்டைல்கேலக்டோசமைன் சேர்ந்தால் ஏ, கேலக்டோஸ் சேர்ந்தால் பி. வித்தியாசம் அவ்வளவே. உயிரைக் காப்பதும் போக்குவதும் அந்த ஒற்றைச் சர்க்கரை.

1952-ல் பம்பாயில் பென்டேயும் உடன் இருந்தவர்களும் எச் கிளையே இல்லாதவர்களைக் கண்டார்கள். பிளட் பேங்கில் "பாம்பே குரூப்" என்போம். செல்லை மட்டும் சோதித்தால் ஓ என்று ஏமாற்றும். சீரத்தை ஓ செல்லோடு கலந்தால் திரண்டுவிடும், அப்போதுதான் குட்டு உடையும். சீரம் பக்கச் சோதனையைச் சோம்பலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் கிராஸ்மேட்சில் (ஏற்றுவதற்கு முன் பொருத்தம் பார்க்கும் சோதனை) பிடிபட்டுத் தப்பித்தது. இவர்களுக்கு ஓ ரத்தமும் ஆகாது, இன்னொரு பாம்பே குரூப் ஆளைத்தான் தேட வேண்டும்.

23 ஜனவரி, காலை 6.50

"அவ்வளவு அரிது என்றால் எடுத்து ஃப்ரீசரில் போட்டுவைக்கலாமே" என்று மதுரைத் தம்பி. சும்மா போட்டால் பையில் மிஞ்சுவது சிவப்புத் தண்ணீர். உறையும்போது பனிப் படிகம் செல்லைச் சிதைக்கும், மீதித் தண்ணீரில் உப்பு ஏறிச் சவ்வைக் கெடுக்கும். சாதாரண ரத்தப் பையை 2 முதல் 6 டிகிரியில் வைப்பது அதனால்தான்.

ஆனால் வழி இருக்கிறது. கிளிசரால் கலந்தால் செல் உறைபனியைத் தாங்கும் என்று 1949-50 வாக்கில் இங்கிலாந்தில் கண்டார்கள், முதலில் விந்தணுவில், அடுத்து சிவப்பணுவில். லிப்பிட்டின் தலையையும் வாலையும் பிடித்திருக்கும் அதே கிளிசரால். அரிய பிரிவு ரத்தத்தை அப்படி மைனஸ் 65 டிகிரிக்குக் கீழே வருடக்கணக்கில் வைக்க முடியும். எடுத்து ஏற்றுவதற்கு முன் கிளிசராலைக் கழுவி இறக்க வேண்டும், அதுவும் அடர்ந்த சலைனில் தொடங்கிப் படிப்படியாக. அவசரப்பட்டு நேரே 0.9 சலைனை ஊற்றினால், உள்ளே இருக்கும் கிளிசரால் வெளியேறுவதற்குள் அக்வாபோரின் வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும், அத்தனை பாடுபட்டுச் சேர்த்த பை வீண். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. அரிய பிரிவுக்காரர்கள் அருகிலுள்ள ரத்த வங்கியில் பெயரைப் பதிந்து வைப்பது நல்லது.